நோயில்லாத் தொண்டையில் நோய்க்கிருமி

செகந்தராபாத் இரயில் நிலையத்திற்கு அருகே அமைந்துள்ள லாலாகுடா, இரயில்வே தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த பகுதியாகும். நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1893-ஆம் ஆண்டில், இங்கு இரயில் பெட்டிப் பணிமனை நிறுவப்பட்டது. 1966 அக்டோபர் 2-ஆம் நாள் உருவான தென்மத்திய இரயில்வேயின் மத்திய மருத்துவமனையும் இப்பகுதியிலேயே உள்ளது. தெலுங்கும் உருதும் தமிழும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் பகுதி இது. பணிமனை, குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகிய நான்கும் நடந்து செல்லும் தொலைவில் இருப்பது இதன் சிறப்பு.

இப்பகுதியைச் சேர்ந்த முப்பத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். குழந்தைப் பருவத்தில் அவருக்கு முத்தடுப்பு ஊசி முறையாகப் போடப்பட்டது. அவருக்குக் காய்ச்சல் இல்லை. தொண்டையில் வலியும் இல்லை. எனினும் அவருடைய தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்த பொருளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால், தொண்டை அடைப்பான் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவோ அதன் நெருங்கிய உறவினமோ அதில் காணப்படக்கூடும். அவர் நோயாளியும் அல்லர். அவருக்குப் போடப்பட்ட ஊசி பயனற்றுப் போனதென்றும் கூற முடியாது. ஊசியின் பயன் எது, அதன் எல்லை எது என்பதை விளங்கிக் கொண்டால்தான் இந்த நிலைமை புரியும். ஹைதராபாத் நகரில் தொண்டை அடைப்பான் ஏன் இன்னும் மறையவில்லை என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதியும் இதில் அடங்கியிருக்கிறது.

நகரில் நீடித்த நோய்

லாலாகுடாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நல்லகுண்டாவில், தொற்று நோய்களுக்கென்றே அமைந்த அரசு மருத்துவமனை ஒன்று உள்ளது. சர் ரொனால்டு ராஸ் வெப்பமண்டல, தொற்று நோய் நிலையம் என்பது அதன் பெயர். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897-இல் இதே செகந்தராபாத்தில் கண்டறிந்த ராஸின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. மக்கள் அதனைக் காய்ச்சல் ஆஸ்பத்திரி என்பர். 'குவாரண்டைன்' என்ற சொல் மருவியதால் 'கோரண்டி' என்றும் வழங்குவர். நகரிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் தொண்டை அடைப்பான் கண்ட குழந்தைகள் கொண்டுவரப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

2003 முதல் 2006 வரை ஹைதராபாத்தில் இந்நோய் நீடித்ததன் காரணத்தை ஆராய்ந்த ஆய்வொன்று 2008-இல் வெளியிடப்பட்டது. கைக்குழந்தைகளைவிட 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களிடையே நோய் மிகுந்திருந்ததும், ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகப் பாதிக்கப்பட்டதும் அதில் தெரியவந்தன. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தவணை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு நல்ல பாதுகாப்பு இருந்தது. ஆனால் 'பூஸ்டர்' எனப்படும் ஊக்க ஊசியை உரிய காலத்தில் பெற்றவர்களின் விகிதம் குறைவாக இருந்தது. நகரின் சில பிரிவினரிடையே அது மேலும் குறைவாக இருந்தது. தடுப்பூசி தயாரிப்பில் உலக அளவில் பெயர்பெற்ற நகரம் ஹைதராபாத். முத்தடுப்பு ஊசி மருந்தும் இங்கே தயாராகிறது. அதே நகரின் பள்ளிச் சிறுவர் சிறுமியர் தொண்டை அடைப்பானுக்கு இலக்காயினர்.

ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையே பல வாரங்கள் கழிகின்றன. சில பகுதிகளில் பல மாதங்கள்கூடக் கழியலாம். இந்த இடைவெளியில் கிருமி எங்கே தங்குகிறது? காலரா நோயின் கிருமி நீரில் வாழ வல்லது. இரணஜன்னிக் கிருமி மண்ணில் வித்தாகக் காத்திருக்கும். தொண்டை அடைப்பான் கிருமிக்கு அத்தகைய புகலிடம் இல்லை. மனிதரின் தொண்டையும் மூக்கும் தோல் புண்ணுமே அதன் உறைவிடங்கள். எனவே, நோயாளி இல்லாத காலத்தில் நலமாயிருப்பவர்களிடமே அது தங்கியிருக்க வேண்டும்.

பழைய ஐயம் ஒன்று

இந்த உண்மை ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னரே தலைகாட்டிவிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த எட்வின் கிளெப்ஸ் 1883-இல் நோயாளிகளின் தொண்டைச் சவ்வில் இந்தப் பாக்டீரியாவைக் கண்டார். மறு ஆண்டு ஃபிரெடெரிக் லோஃப்லர் அதனைத் தனியே பிரித்து வளர்த்தார். ஆனால் நலமாயிருந்த ஒரு குழந்தையின் தொண்டையிலும் அதே கிருமி இருக்கக் கண்டார். இதுவே நோய்க்குக் காரணமெனில் அக்குழந்தைக்கு நோய் வராதது ஏன் என்ற ஐயத்தை அவர் மறைக்கவில்லை. தம் கண்டுபிடிப்பின் பலத்தோடு அதன் பலவீனத்தையும் சேர்த்தே எழுதினார். மருத்துவ வரலாற்றில் இத்தகைய நேர்மை அடிக்கடி காணக் கிடைப்பதன்று. கிருமி தொண்டையிலேயே தங்கியிருக்க, இதயமும் நரம்பும் கெடுவதைக் கொண்டு, அது ஏதோ ஒரு நச்சைச் சுரக்க வேண்டும் என்றும் அவர் ஊகித்தார்.

அந்த ஊகம் சரியானதே என்பதைப் பாரிஸ் நகரில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் 1888-இல் மெய்ப்பித்தனர். கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீரை விலங்குகளுக்குச் செலுத்தினர். அவற்றுக்கு நோயின் விளைவுகள் தோன்றின. 1890-இல் எமில் பெரிங்கும் ஷிபாசபுரோ கிட்டசாட்டோவும் நச்சை முறிக்கும் பொருள் இரத்தத்தில் உண்டாவதைக் கண்டனர். குதிரையின் இரத்தத்திலிருந்து பெறப்படும் எதிர்நச்சு மருந்து இவ்வாறு பிறந்தது. இன்றும் நோயாளியின் உயிரைக் காப்பது, காலம் தாழ்த்தாமல் செலுத்தப்படும் அந்த மருந்தே.

நலமானவர்கள் கிருமியைச் சுமப்பது தனிப்பட்ட விந்தையன்று, பரவலான நிகழ்ச்சி என்பது 1890-களில் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பார்க் நடத்திய சோதனைகளால் வெளிப்பட்டது. வேறொரு சான்றும் பின்னர்க் கிடைத்தது. 1913-இல் பேலா ஷிக் என்பவர், நச்சின் மிகச் சிறு அளவைத் தோலில் செலுத்தி ஒருவருக்கு எதிர்ப்பாற்றல் உண்டா என்று அறியும் முறையை வகுத்தார். நகரங்களில் வாழ்ந்த வயதுவந்தோருள் பெரும்பாலோர், தொண்டை அடைப்பான் தமக்கு வந்ததாகவே அறியாதவர்கள், எதிர்ப்பாற்றல் உள்ளவர்களாக இருந்தனர். தடுப்பூசி பரவுவதற்கு முந்திய காலம் அது. அவர்கள் என்றோ ஒரு நாள் கிருமியைத் தம் தொண்டையில் சில வாரங்கள் சுமந்து, தாமறியாமலே பாதுகாப்பைப் பெற்றிருந்தனர் என்பதே இதன் பொருள். வெப்ப நாடுகளில் தோல் புண்களில் வாழும் தொண்டை அடைப்பான் கிருமியும் இவ்வாறு பலருக்கு எதிர்ப்பாற்றலை அளித்து வந்தது.

ஊசி எதைத் தடுக்கிறது?

பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் ராமோன் 1923-ஆம் ஆண்டையொட்டி, நச்சோடு ஃபார்மலின் கலந்து வெப்பத்தில் வைத்தால் அதன் கொல்லும் தன்மை நீங்கி, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தன்மை மட்டும் எஞ்சுவதைக் கண்டார். 'டாக்சாய்டு' என்று அழைக்கப்படும் இந்த முடமாக்கப்பட்ட நச்சே தடுப்பூசியில் உள்ள சரக்கு. இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஊசியில் இருப்பது கிருமி அன்று, கிருமியின் நச்சு. ஆகவே உடல் கற்றுக்கொள்வதும் நச்சை அடையாளம் காணவும் அதனை முறிக்கவும்தான். தொண்டையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழும் பாக்டீரியாவை விரட்டும் பாடம் அந்த ஊசியில் இல்லை. திருடனின் கையிலுள்ள கத்தியைப் பறித்துவிடலாம். அவன் திண்ணையில் படுத்திருப்பதைத் தடுக்க முடியாது என்ற நிலை இது.

இதனைத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி 1970-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எல்ஜின் என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் நடந்தது. நோய் பரவியபோது மாணவர், ஆசிரியர் உள்ளிட்ட 306 பேரின் தொண்டைகளும் சோதிக்கப்பட்டன. 104 பேரிடம் கிருமி காணப்பட்டது. அவர்களுள் 15 பேருக்கே நோய்க்குறி இருந்தது. மற்ற 89 பேரும் நலமாக நடமாடியவர்கள். முழுமையாக ஊசி போட்டவர், அரைகுறையாகப் போட்டவர், போடாதவர் ஆகிய எல்லாரும் கிருமியைப் பெறுவதில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் நோயாக வெளிப்படுவதில் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. முழுமையாக ஊசி போட்டவர்களைவிட, ஊசியே போடாதவர்களுக்கு நோய்க்குறி தோன்றும் வாய்ப்பு 30 மடங்காகவும், போதிய தவணைகள் பெறாதவர்களுக்கு ஏறத்தாழ 11 மடங்காகவும் இருந்தன. ஒரே வகுப்பறையில் ஒரே கிருமி. அது யாரைப் படுக்கையில் தள்ளும் என்பதை மட்டும் ஊசி தீர்மானித்தது.

எல்ஜின் அனுபவத்தை மட்டும் வைத்து, ஊசியால் பரவல் சிறிதும் குறையாது என்று முடிவு கட்டிவிடலாகாது. பல நாடுகளின் பழைய பதிவுகளை ஒருங்கே திரட்டி 2020-இல் வெளியான மதிப்பீடு ஒன்று, மூன்று தவணை ஊசி நோய்க்குறியுடன் கூடிய நோயை 87 விழுக்காடு தடுப்பதாகவும், பரவலை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைப்பதாகவும் கணித்துள்ளது. நோய்க்குறி இல்லாதவர் கிருமியைப் பரப்பும் ஆற்றல், நோயாளியின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவே என்பதும் அதில் கண்ட முடிவு. இருமலும் சவ்வும் இல்லாத தொண்டையிலிருந்து கிருமி குறைவாகவே வெளிப்படும் என்பது இயல்பே. ஆயினும் நோயாளி படுக்கையில் இருப்பார். கிருமி சுமப்பவரோ பணிமனைக்குச் செல்வார், இரயிலில் பயணம் செய்வார், திருமண வீட்டில் பந்தியில் அமர்வார், பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவார். நான்கில் ஒரு பங்கு என்ற கணக்கை இந்த நடமாட்டத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

நச்சு எங்கிருந்து வருகிறது?

தொண்டை அடைப்பான் பாக்டீரியாக்கள் அனைத்தும் நச்சைச் சுரப்பதில்லை. நச்சைச் செய்வதற்கான மரபணு பாக்டீரியாவின் பிறவிச் சொத்தும் அன்று. 1951-இல் அமெரிக்க அறிஞர் விக்டர் ஃப்ரீமன், நச்சற்ற கிருமிகளின்மீது ஒருவகை வைரஸை ஏவியபோது அவை நச்சுள்ளவையாக மாறுவதைக் கண்டார். பாக்டீரியாவைத் தொற்றி வாழும் இத்தகைய வைரஸ்களுக்கு 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயர். நச்சின் மரபணுவைக் கொண்டு வருவது இந்த ஃபேஜே. கிருமியைப் பிடித்த ஒரு தொற்று, மனிதனுக்கு நஞ்சாக முடிகிறது.

மரபணு இருந்தால் மட்டும் போதாது. சுற்றுப்புறத்தில் இரும்புச் சத்து குறையும்போதுதான் பாக்டீரியா நச்சைச் சுரக்கிறது. இரும்பு போதிய அளவில் கிடைத்தால் பாக்டீரியாவின் சொந்தப் புரதம் ஒன்று அந்த மரபணுவைப் பூட்டி வைக்கிறது. மனித உடல் தன் இரும்பைப் புரதங்களோடு இறுகப் பிணைத்து வைத்திருப்பதால், தொண்டையில் குடியேறிய கிருமிக்கு எப்போதும் இரும்புப் பஞ்சமே. சுரந்த நச்சு உயிரணுக்களுள் புகுந்து, புரதம் உற்பத்தியாகும் வேலையை அடியோடு நிறுத்துகிறது. ஓர் உயிரணுவைக் கொல்ல ஒரே ஒரு நச்சு மூலக்கூறு போதும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978-இல் காட்டினர். தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வாகப் படர்வது, இவ்வாறு மடிந்த உயிரணுக்களும் உறைந்த இரத்தப் பொருளும் சேர்ந்த படிவமே. சவ்வு மூச்சுக் குழலை அடைக்கக்கூடும். நச்சு இரத்தத்தில் கலந்தால் இரண்டாம் வாரத்தில் இதயத் தசையும், பின்னர் நரம்புகளும் பாதிக்கப்படும்.

கிருமிக்கு நச்சினால் என்ன இலாபம்? திசு அழிந்து கசிவு பெருகுமாயின் கிருமிக்கு உணவும் கிடைக்கும். இருமல் வழியே அடுத்த தொண்டைக்குச் செல்லும் வாய்ப்பும் கூடும் என்பது ஒரு விளக்கம். பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்ட சமுதாயத்தில் இந்த இலாபம் அற்றுப்போகிறது. நச்சு சுரந்த மாத்திரத்தில் முறிக்கப்படுவதால், அதைச் செய்யும் செலவு கிருமிக்கு வீண். எனவே அத்தகைய சமுதாயத்தில் நச்சற்ற வகைகள் முந்திக்கொள்ளும் என்று எதிர்பார்க்கலாம். ருமேனியாவில் 1958-ஐ ஒட்டி நாடு தழுவிய ஊசித் திட்டம் தொடங்கிய பின்னர், பிரித்தெடுக்கப்பட்ட கிருமிகளுள் நச்சுள்ளவை பெரும்பான்மை என்ற நிலை மாறி, 1970-களின் தொடக்கத்திற்குள் மிகச் சிறு பங்காகிவிட்டன. கிருமி மறைந்துவிடவில்லை, தன் நச்சை விட்டுவிட்டு வாழத் தொடங்கியது.

இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே எனினும் முழு நிம்மதிக்கு இடமில்லை. நச்சற்ற கிருமிகளும் தொண்டைப் புண்ணை உண்டாக்குவதுண்டு. அரிதாக இரத்தத்தில் கலந்து இதய வால்வுகளைத் தாக்குவதும் உண்டு. மேலும், நச்சுள்ள கிருமியைச் சுமந்து வரும் ஒருவரால் அந்த ஃபேஜ் ஊருக்குள் நுழையுமாயின், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் நச்சற்ற கிருமி நச்சுள்ளதாக மாறக்கூடும். இந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றி மக்களிடையேயும் நிகழ முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

அழிவைச் செய்யும் இந்த நச்சிலிருந்தே ஓர் ஆக்கமும் பிறந்திருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் நச்சின் மரபணுவில் ஒரேயொரு மாற்றம் ஏற்பட்டு, கொல்லும் தன்மையை இழந்த வகை ஒன்று கிடைத்தது. அந்தப் புரதம் இன்று வேறு நோய்களுக்கான தடுப்பூசிகளில் துணைப் பொருளாகப் பயன்படுகிறது. ஹைதராபாத்தில் தயாராகும் டைபாய்டு தடுப்பூசி ஒன்றும் இந்தப் புரதத்தைக் கொண்டதே.

உறவினங்களும் ஒப்பனைகளும்

நலமானவரின் தொண்டையில் காணப்படும் எல்லா ஒத்த உருவங்களும் அஞ்சத்தக்கவை அல்ல. நம் அனைவரின் மூக்கிலும் தோலிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தீங்கற்ற பாக்டீரியாக்கள் பல வாழ்கின்றன. நுண்ணோக்கியின் கீழ் இவை தொண்டை அடைப்பான் கிருமியைப் போலவே குறுங்கோல்களாகத் தோன்றும். சாயமேற்றினால் உண்மைக் கிருமி சீன எழுத்துகளைப் போலக் கோணங்கோணமாகக் கிடப்பதும், அதன் முனைகளில் கருந்துகள்கள் தெரிவதும் வழக்கம். எனினும் கண்ணுக்குத் தெரியும் இந்த அடையாளத்தை மட்டும் நம்பி ஒருவரைக் கிருமி சுமப்பவர் என்று முத்திரை குத்துவது தவறாகும்.

இக்குடும்பத்தில் வேறு இரு உறவினங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று, பசுக்களிடமும் வீட்டு நாய், பூனைகளிடமும் காணப்படுவது. காய்ச்சாத பால் வழியாகவும் நெருங்கிய பழக்கத்தாலும் மனிதரை அடையக்கூடியது. மற்றொன்று ஆடுகளிடம் கட்டிகளை உண்டாக்குவது. இவையும் நச்சின் மரபணுவை ஏந்தி வர வல்லவை. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டு வழக்கம் இந்த வகையில் ஒரு காப்பாக அமைந்துள்ளது.

கிருமியை வளர்க்க லோஃப்லர் வகுத்த இரத்த நீர் ஊடகமும், பொட்டாசியம் டெல்லுரைட்டு கலந்த ஊடகமும் பயன்படுகின்றன. பின்னதில் கிருமிக் கூட்டங்கள் கரும்புள்ளிகளாக வளரும். அதன் பின்னரே முக்கியமான சோதனை. 1940-களின் இறுதியில் ஸ்டீபன் எலெக் வகுத்த முறையில், எதிர்நச்சில் தோய்த்த காகிதப் பட்டை ஒன்றின் குறுக்கே கிருமியைக் கீறி வளர்ப்பர். நச்சும் எதிர்நச்சும் சந்திக்குமிடத்தில் மெல்லிய வெண்கோடு தோன்றினால் அது நச்சுள்ள கிருமி. இன்று மரபணுவைச் சில மணி நேரத்தில் கண்டறியும் முறை வந்துவிட்டது. ஆனால் மரபணு இருந்தும் நச்சைச் செய்யாத ஊமை வகைகளும் இருப்பதால், எலெக் சோதனையின் வெண்கோடே இறுதிச் சான்றாக நிற்கிறது. இச்சோதனையைப் பிழையின்றிச் செய்யத் தேர்ந்த ஆய்வுக்கூடங்கள் நம் நாட்டில் பரவலாக இல்லை என்பது கவலைக்குரியது. நோய் குறையக் குறைய, அதனை அடையாளம் காணும் கைப்பழக்கமும் மங்கிவிடுகிறது.

வயது வந்தோரின் நிலை

ஊசியினால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் வாழ்நாள் முழுவதும் நிலைப்பதன்று. இரத்தத்தில் உள்ள எதிர்நச்சின் அளவு ஆண்டுதோறும் இறங்கி வருகிறது. முன்னாளில், தெருவில் உலவிய கிருமியே அவ்வப்போது தொண்டையைத் தீண்டி அந்த அளவை ஏற்றிவிட்டது. ஊசித் திட்டத்தின் வெற்றியால் கிருமியின் உலவல் குறைந்தது. இந்த இயற்கையான ஊக்கமும் குறைந்தது. குழந்தைகளைக் காத்த அதே வெற்றி, பெரியவர்களை மெல்ல மெல்லப் பாதுகாப்பற்றவர்களாக ஆக்கியது எனலாம்.

இதன் விளைவை 1990-களில் உலகம் கண்டது. நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட சோவியத் ஒன்றியப் பகுதிகளில் அது மீண்டும் எழுந்து, 1990-க்கும் 1998-க்கும் இடையே 1,50,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். நோயுற்றவர்களுள் பெரும் பகுதியினர் வயது வந்தவர்கள். நம் நாட்டிலும் 2016-இல் கேரளத்தின் மலப்புரம், கோழிக்கோடு பகுதிகளில் நோய் பரவியபோது, பத்து வயதைக் கடந்தோர் கணிசமாகப் பாதிக்கப்பட்டனர். 2018-இல் இந்தியாவில் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டியது.

நம் நாட்டில் 1978-இல் விரிவுபடுத்தப்பட்ட ஊசித் திட்டமும், 1985-இல் அனைவருக்குமான ஊசித் திட்டமும் தொடங்கப்பட்டன. இப்போதைய அட்டவணைப்படி, 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியும், 16 முதல் 24 மாதங்களில் ஓர் ஊக்க ஊசியும், 5 முதல் 6 வயதுக்குள் மற்றொரு ஊக்க ஊசியும் தொண்டை அடைப்பானுக்கு எதிராகப் போடப்படுகின்றன. முதல் மூன்று தவணைகளைத் தாய்மார்கள் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. கைக்குழந்தையைத் தூக்கிச் செல்லும் பழக்கம் முதல் ஆண்டோடு நின்றுவிடுவதால், ஐந்து வயது ஊசி பல குடும்பங்களில் மறக்கப்படுகிறது. ஹைதராபாத் ஆய்வு சுட்டிக்காட்டிய ஓட்டை இதுவே. குழந்தைகளின் முதல் மூன்று தவணை விழுக்காட்டை மட்டும் பார்த்து நிறைவடையும் அறிக்கைகள் இதனை வெளிக்காட்டுவதில்லை.

2019 முதல் 10 வயதிலும் 16 வயதிலும், கருவுற்ற பெண்களுக்கும் போடப்பட்டு வந்த தனி இரணஜன்னி ஊசிக்குப் பதிலாக, இரணஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் தடுக்கும் இரட்டை ஊசி நாட்டின் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வளர்ந்தவர்களுக்கான இந்த இரட்டை ஊசியில் தொண்டை அடைப்பான் டாக்சாய்டின் அளவு குறைக்கப்பட்டிருக்கும். பெரியவர்களுக்கு முழு அளவு செலுத்தினால் கையில் வீக்கமும் காய்ச்சலும் மிகும் என்பதே காரணம். கருவுற்ற பெண்களுக்கு இவ்வாறு ஒரு வாய்ப்பு அமைந்துவிட்டது. வயது வந்த ஆண்களுக்கு அத்தகைய இயல்பான சந்தர்ப்பம் இல்லை.

ஆனால் லாலாகுடா போன்ற தொழிற்பகுதியில் அந்தச் சந்தர்ப்பம் கண்ணெதிரே இருக்கிறது. இரும்போடு உழைப்பவர்களுக்குக் கையில் வெட்டும் கீறலும் ஏற்படுவது உண்டு. காயத்தோடு மருத்துவரிடம் செல்லும் தொழிலாளிக்கு இரணஜன்னி ஊசி போடுவது நெடுநாளைய வழக்கம். தனி ஊசிக்குப் பதில் இரட்டை ஊசியையே எங்கும் கையாள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காயத்திற்காகப் போடும் அதே குத்தலில் தொண்டை அடைப்பானுக்கான ஊக்கமும் சேர்ந்துவிடும். இதற்கென மக்களைத் தனியே திரட்ட வேண்டியதில்லை. மருந்தறையின் அலமாரியில் ஒரு குப்பியை எடுத்துவிட்டு வேறொரு குப்பியை வைப்பதே போதுமானது. ஆயினும் தனியார் மருந்துக் கடைகளிலும் சிறு மருத்துவ விடுதிகளிலும் பழைய தனி ஊசியைக் கேட்கும் பழக்கம் எளிதில் மாறுவதில்லை.

ஒரு வீட்டில் நோய் கண்டால்

குடியிருப்பில் ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் என்று ஐயம் எழுந்தால், ஆய்வுக்கூட முடிவுக்குக் காத்திராமல் எதிர்நச்சு மருந்தும் பென்சிலின் அல்லது எரித்ரோமைசினும் தொடங்கப்படும். எதிர்நச்சு, உயிரணுக்களுள் இன்னும் புகாத நச்சை மட்டுமே முறிக்கும்; உட்புகுந்துவிட்டதை அதனால் மீட்க முடியாது. ஆதலால் இங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வருகிறது.

அடுத்த பணி அக்குழந்தையின் வீட்டாரையும், பள்ளித் தோழரையும், நெருங்கிப் பழகியோரையும் தேடுவது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுக்கப்படும். நோய்க்குறி தோன்றுகிறதா என்று ஒரு வாரம் கவனிக்கப்படும். ஊசி போட்டுக்கொண்டவர், போடாதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. இருவரும் கிருமியைச் சுமக்கக்கூடும். பென்சத்தீன் பென்சிலின் ஒரே ஊசியாகவோ, எரித்ரோமைசின் 7 முதல் 10 நாள் வரையிலோ தரப்படும். மருந்து தொண்டையிலிருந்து கிருமியை அகற்றுகிறது. ஊசி செய்யாத வேலையை மருந்து செய்கிறது. மருந்து தராத பாதுகாப்பை ஊசி தருகிறது.

மருந்தும் எந்நாளும் கைகொடுக்கும் என்று இருந்துவிட முடியாது. இந்தியாவிலிருந்து பெற்ற 61 கிருமிகளின் மரபணுத் தொகுதிகளைப் பல நாடுகளின் கிருமிகளோடு ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்வில், மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் பரவி வருவதும், நச்சின் மரபணுவிலேயே 18 வகை வேறுபாடுகள் இருப்பதும் காணப்பட்டன. இப்போதைய ஊசி நன்கு பயன்படுகிறது என்பதில் ஐயமில்லை எனினும், நச்சின் வடிவம் மாறுகிறதா என்பதைத் தொடர்ந்து கவனித்து வரவேண்டும் என்று ஆய்வாளர் கூறினர். நலமானோரின் தொண்டைகளிலிருந்து எடுக்கும் மாதிரிகளுக்கு இவ்வகையிலும் மதிப்பு உண்டு. மருத்துவமனைக்கு வருபவை, நோயை உண்டாக்கிய கிருமிகள் மட்டுமே. ஊரில் உலவும் மற்றவை இத்தகைய மாதிரிகளில்தான் அகப்படும்.

கிருமி சுமப்பவர் எனக் கண்டறியப்பட்டவர் குற்றவாளியைப் போல நடத்தப்படலாகாது. அண்டை வீட்டார் ஒதுக்கிவைப்பார்கள் என்ற அச்சம் எழுந்தால், மறு வீட்டில் எவரும் வாய் திறந்து மாதிரி கொடுக்க மாட்டார்கள். மருந்து முடிந்து இரு வாரங்கள் கழித்து மீண்டும் சோதனை செய்யப்படும்; கிருமி எஞ்சியிருந்தால் மருந்து தொடரும். உணவு பரிமாறுவோரும் சிறு குழந்தைகளைப் பேணுவோரும் தொண்டை தூய்மையாகும் வரை அப்பணியிலிருந்து விலகியிருப்பர். ஐந்தாண்டுகளுக்குள் ஊசி போடாத வீட்டார் அனைவருக்கும் வயதிற்கேற்ற ஊக்க ஊசி அப்போதே போடப்படும். தேதி அட்டையில் குறிக்கப்பட்டு, பெரியவர்களுக்கான அடுத்த பத்தாண்டு அன்றிலிருந்து எண்ணப்படும்.